உப்புதானே, மதினி

2006 ஜூன் 11, ஞாயிறு, காலை ஆறு நாற்பது. மாடியில் ட்ரம்கள் ஒன்பது. நீங்கள் போய் இன்றோடு இருபத்து மூன்று நாள்.

ஓமவல்லி இலை ஒன்றைக் கிள்ளினேன், மதினி. அந்தக் காட்டமான வாசம் விரலில் ஏறியதும் உங்கள் குரல்தான் வந்தது. "ஏ படிச்சவரே, இலையக் கிள்ளாதீக. கொழுந்தோட ஒடிங்க. அப்பத்தான் பக்கத்துல துளுக்கும்."

தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைத்த எட்டு வருடத்தில் உங்களுக்கு மிஞ்சியது இருமல். அதற்காகத்தான் இந்தத் தோட்டமே: துளசி, தூதுவளை, ஆடாதோடை, ஓமவல்லி. "பகல்ல அந்த மருந்து, சாயங்காலம் இந்த மருந்து. ரெண்டும் அடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்" என்று சிரித்தபடி கசாயம் குடிப்பீர்கள்.

ட்ரம்களைக் கொடுத்தவர் உங்கள் போர்மேன். ஆயுத பூசைக்குப் பட்டாசுக் கம்பெனியைக் கழுவியபோது, காலி ட்ரம்களை உங்கள் தலையிலும் இன்னும் சில வீட்டார் தலையிலும் கட்டினார்.

"இதுல என்ன இருந்துச்சு, அண்ணாச்சி?"

"உப்புதாம்மா. கழுவுனா போயிரும்."

இரண்டு தரம் கழுவினீர்கள். பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, கரிசல் மண் நிரப்பினீர்கள்.

பொங்கலுக்கு நான் சென்னையிலிருந்து வந்தபோது செடிகள் கரும்பச்சையாக நின்றன. ட்ரம்மில் 'நைட்ரேட்' என்ற சொல் மட்டும் அழியாமல் இருந்தது. "தழைச்சத்து மதினி, நல்லா வரும்" என்றேன். கெமிக்கல் டிப்ளமோ படித்த வாய். அதற்கு முன்னால் அழிந்துபோன சொல் எது என்று யோசிக்கவில்லை.

சித்திரை வெயிலில் இருமல் கூடியது. கசாயம் மூன்று வேளையானது. பிறகு வாந்தி. பிறகு கை கால் விளங்கவில்லை. அண்ணன் உங்களை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் போர்மேன் வந்தார். காபியைக் குடித்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்: "கண்ட இலையையும் பறிச்சுக் குடிச்சா உடம்பு தாங்குமாப்பா?" அண்ணன் தலையாட்டினான். இப்போது தெருவே அதைத்தான் சொல்கிறது. செடி வளர்த்துச் செத்தாளாம்.

இன்று ட்ரம் ஓரத்தில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி, ஈரக் கம்பி நுனியில் ஒட்டி, கேஸ் அடுப்பில் காட்டினேன். பச்சையாக எரிந்தது. நம் ஊர்க்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பச்சை மத்தாப்புக்குப் போடும் பச்சை உப்பு. பேரியம். ட்ரம்மில் அழிந்துபோன சொல் அதுதான்; வயிற்றுக்குள் போனால் விஷம். முப்பது வருடமாக அதை அளந்து கொடுக்கிற மனிதருக்குத் தெரியாதா? குழம்புக்குப் போடுவதைச் சொல்வதுபோல 'உப்பு' என்றார். அந்த ஒரு சொல்லை நான் விடப்போவதில்லை.

இனிச் செய்வது:

1. ஒன்பது ட்ரம்மிலிருந்தும் மண்ணும் இலையும் நாளையே மதுரை லேபுக்கு.

2. ட்ரம் வாங்கிப்போன மற்ற வீடுகளுக்கு இன்றே போய்ச் செடிகளைப் பிடுங்கச் சொல்வது. திட்டினால் வாங்கிக்கொள்வது.

3. ரிப்போர்ட் வந்ததும் போலீஸில் மனு. அண்ணன் கையெழுத்துப் போடாவிட்டால் நான் போடுவேன். 'தழைச்சத்து' என்று நான் சொன்னதும் அதில் இருக்கும்.

4. ட்ரம் வருவதற்கு முன்பே நீங்கள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த ஓமவல்லியில் ஒரு கொழுந்தை ஒடித்து, மண்சட்டியில் ஊன்றுவது.

5. ட்ரம் இலையில் ஒரு டம்ளர் கசாயம். சனிக்கிழமை வேலை விட்டு எல்லோரும் கம்பெனி வாசலில் நிற்கும்போது போர்மேன் முன்னால் வைப்பேன். "குடிங்க அண்ணாச்சி, உப்புதானே" என்பேன். அவர் கை டம்ளர் பக்கமே போகாது. அதை அம்புட்டுப் பேரும் பார்க்க வேண்டும்.