வாய்க்குள் ஒரு தண்ணீர்த் துப்பாக்கி

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று கண் பரிசோதனைக்கு வந்த அம்மாள் மூச்சே விடவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கிறேன். எல்லோரும் யோசித்துத்தான் சொல்வார்கள். இவர் நான் வாயைத் திறந்ததுமே "ரெண்டும் தெளிவு, எல்லாமே தெளிவு" என்று எழுந்துவிட்டார். பலகையில் முதல் வரியையே தப்பாகப் படித்தவர்.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டார். நாளையிலிருந்து எனக்குப் பின்னறையில் லென்ஸ் வெட்டும் வேலையாம். "உங்க கை நேர்த்தி யாருக்கு வரும்" என்றார். சொல்லி முடிக்கும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி நின்றார். ஏன்?

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"வாய் நாத்தம் தாங்கல. ஈறுல ரத்தம் வேற வருது. டாக்டர்கிட்ட போங்கன்னா காதுல வாங்கினாத்தானே."

கோபித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். மெல்லிய கம்பியால் ஈறைத் தொட்டுத் தொட்டு "நாலு, அஞ்சு, ஆறு, ஆறு" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே போனார். எண் ஏற ஏற எனக்குள் ஒரு சந்தோஷம். கடைசியில்தான் விளங்கியது: அது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்திருக்கும் பள்ளத்தின் ஆழம், மில்லிமீட்டரில். மூன்றைத் தாண்டவே கூடாதாம்.

"கீழ முன்பல் ரெண்டு ஆடுது சார். இப்படியே விட்டா ரெண்டும் போயிடும்."

ஈறுக்கு அடிவரை சுத்தம் செய்தார். பிறகு பல்லிடுக்கில் விடும் நூலைக் கையில் கொடுத்து, செய்து காட்டுங்கள் என்றார். எறும்புத்தலை அளவு ஸ்க்ரூவை மாட்டுகிற கை இது. என் வாய்க்குள் போனதும் யாரோ வேற்று ஆளின் கை மாதிரி ஆகிவிட்டது. நூல் கடைவாயில் சிக்கிக்கொண்டது; அவரே எடுத்துவிட்டார்.

"உங்களுக்குத் தண்ணி பீச்சுற மெஷின்தான் சரி. வாட்டர் ஃப்ளாஸர்னு கேளுங்க. பிரஷ்ஷுக்குப் பதிலா இல்ல. அதுவும் வேணும், இதுவும் வேணும்."

பிப்ரவரி 7, சனி

மெஷின் வந்தது. சின்னத் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடி, அதன் நுனியில் ஊசி மாதிரி ஒரு மூக்கு.

வாயில் வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். நான் போட்டுவிட்டு வாயைத் தேடினேன். கண்ணாடி, பல்பு, மனைவியின் துண்டு, என் வலது காது — எல்லாம் சுத்தமாயின, பல்லைத் தவிர. பிறகு உள்ளே வைத்து வாயை இறுக மூடினேன். தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று நான் யோசிக்கவில்லை. தண்ணீர் யோசித்திருந்தது. என் மூக்கு இன்னும் எரிகிறது.

வெளியே மனைவி: "என்னங்க, பைப் உடைஞ்சுதா?"

"பல்லு சுத்தம் பண்றேன்."

கதவுக்கடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எங்க நின்னு?" என்றாள்.

பிப்ரவரி 8

குளியலறைக் கூரையைத் துடைத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பேசின் முழுக்க ரத்தம். பல்லு போகப் போகுது, அவ்வளவுதான் — பொக்கை வாயோட யார் முன்னாடி உக்காந்து பேசுறது?

டாக்டருக்கு போன் செய்தேன். எந்த வேகத்தில் வைத்தீர்கள் என்று கேட்டார்.

"கடைசி வேகம்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அது அங்க இருந்துது டாக்டர்."

பெருமூச்சு கேட்டது. குறைந்த வேகம், வெதுவெதுப்பான தண்ணீர், பேசின் மேல் குனிந்து வாயை லேசாகத் திறந்து வைக்க வேண்டுமாம். வீங்கின ஈறு முதலில் ரத்தம் காட்டுமாம், போகப் போக அடங்குமாம். அடங்கவில்லையென்றால் வரச் சொன்னார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். "காலையில சுவத்துல ஏதாவது துளை போடுறீங்களா?"

"இல்லங்க, இவர் பல்லு சுத்தம் பண்றார்" என்றாள் மனைவி.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒரு படி தவறியது.

பிப்ரவரி 20, வெள்ளி

லென்ஸ் வெட்டும் மெஷினும் தண்ணீர் பீச்சிக்கொண்டேதான் ஓடுகிறது. விடிந்ததும் ஒன்று, பகலெல்லாம் இன்னொன்று. அதோடு என்ன பேச?

சுவருக்கு அந்தப் பக்கம், என் நாற்காலியில், புதிதாகச் சேர்ந்த பெண். "அடுத்த வரி, அடுத்த வரி" என்று விரட்டுகிறாள். மனுஷன் கண்ணு சிமிட்ட வேண்டாமா? என்கிட்ட வர்றவங்க கண்ணைக் காட்ட வந்து வீட்டுக் கதையெல்லாம் சொல்லிட்டுப் போவாங்க. இங்க யாரு இருக்கா சொல்ல? ரத்தமும் நிக்கல. வீட்டுக்கு வந்து அந்தச் சனியனைத் தூக்கிப் பரண்ல போட்டேன்.

பிப்ரவரி 21

மெஷின் மறுபடி பேசின் பக்கத்தில் இருந்தது. தொட்டியில் தண்ணீர், வெதுவெதுப்பாக. அவள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பீச்சினேன்.

மார்ச் 2, திங்கள்

மனைவியைக் கத்திக் கூப்பிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"பேசினைப் பாரு."

பார்த்தாள். "என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததைக் காட்டவா கூப்பிட்டீங்க?"

ஆனால் போகாமல் நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து அந்த வெள்ளைப் பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

மார்ச் 19, வியாழன்

மறுபடி கம்பி. "மூணு, மூணு, நாலு, மூணு." இந்த முறை எண் இறங்க இறங்கத்தான் சந்தோஷம். முன்பல் இரண்டும் இன்னும் லேசாக ஆடுகின்றன. இப்படியே பார்த்துக்கொண்டால் தங்கிவிடும் என்றார் டாக்டர். நாற்றம்? நேராகக் கேட்டேன். முகமூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து, "பேசுங்க சார்" என்றார். நன்றி சொன்னேன். "போயிடுச்சு" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

முதலாளியிடம் எப்படிச் சொல்வது? மோந்து பாருங்கள் என்றா?

"உங்க கண்ணாடி பழசாச்சே, பவர் பாத்துடலாம் வாங்க" என்று பரிசோதனை அறைக்குக் கூட்டிப் போனேன். வந்து உட்கார்ந்தார். விளக்கைத் தணித்து, லென்ஸோடு முகத்துக்கு நேரே குனிந்தேன். பழைய பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டார். முகம் சிவந்தது. நான் அவசரப்படவில்லை.

"முதல்லதா, ரெண்டாவதா?"

பதில் சொல்ல மூச்சு வேண்டுமே. விட்டார். விட்டால் இழுத்துத்தானே ஆக வேண்டும். இழுத்தார். நெற்றி சுருங்கியது. இன்னொரு தரம் இழுத்தார், இந்த முறை வேண்டுமென்றே.

"ரெண்டாவது" என்றார். அப்புறம், "திங்கள்லேருந்து காலையில அந்தப் பொண்ணு இங்க இருக்கட்டும், மத்தியானம் நீங்க உக்காருங்க."

வாயெல்லாம் பல்லாகிவிடும் போலிருந்தது. அதை மறைக்க, உங்களுக்குப் பவர் கூடியிருக்கிறது என்றேன். நிஜமாகவே கூடியிருந்தது.

ஏப்ரல் 4, சனி

சாயங்காலம் கூட்டம் ஓய்ந்த பிறகு மனைவி கடைக்கு வந்தாள். பேப்பர் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறதாம். "எல்லார் கண்ணையும் பாக்குறீங்க, என்னைக் கேட்டீங்களா?"

நாற்காலியில் உட்கார வைத்தேன். நிதானமாக எல்லா வரியும் படித்தாள். கிட்டத்தில் படிப்பதற்கான லென்ஸை மாட்டிவிட்டு, எழுத்து அட்டையை நீட்டினேன். அதை வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"உங்க மூக்கோரத்துல மச்சம் எப்ப வந்துது?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு."

"அப்படியா" என்று இன்னும் கிட்டே வந்து பார்த்தாள்.

பவர் சரியாக அமைந்துவிட்டது. வேறு லென்ஸ் தேவையே இல்லை. இருந்தாலும் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டேன்.