செம்பு வளையங்களைக் கழற்றுமாறு அரசிக்கு விடுத்த ஓலை

மலை நனைக, மடை நிறைக, வெண்சுனை நாட்டின் ஒவ்வொரு வாசலிலும் நீர் வந்து நிற்க. பனிமுகட்டின் தலைவியும் ஏழு சுனைகளின் காவலும் ஆகிய அரசி எழினி நங்கையார் திருமுன், நீர்வழி நாயகம் சேயோன் பணிந்து எழுதும் ஓலை.

சென்ற மாரியில் உவர்க்குடி மகப்பேற்று இல்லத்துக்குச் செல்லும் இரும்புக் குழாய் வெடித்தது. மூன்று நாள் கை கழுவவும் நீர் இல்லை. காய்ச்சலில் பதினொரு தாய்மார் இறந்தனர். அவருள் ஒருத்தி என் மனைவி காந்தள். காரணம் அறிந்து சொல்லப் பணித்தீர்கள். அறிந்தேன்.

வழி நெடுகத் தோண்டினோம். மேட்டு மணலில் கிடந்த இரும்பு புதிதுபோல் இருந்தது. உவர்க்களியிலும் பெரும்பாலும் நலமே. ஆனால் அக்களியில் இணைப்புதோறும் பூட்டிய, அரச முத்திரை பொறித்த செம்பு வளையங்களின் இருபுறமும் இரும்பு அரிக்கப்பட்டு, விரல் பட்டதும் உதிர்ந்தது. வளையங்களில் முத்திரை சிதையவில்லை. செம்புவினைத் தலைவர் கொற்றையாரிடம் காட்டினேன். அவர் நகைத்துச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "செம்புக்குப் பல்லா முளைச்சிருக்கு, நாயகரே? மண்ணைப் போய்க் கேளுங்க."

காந்தள் ஊறுகாய் இட்டு வைத்திருந்த மூன்று கண்ணாடிச் சாடிகளைக் கழுவி, உவர்நீர் நிரப்பிச் சன்னலில் வைத்தேன். ஒன்றில் தனி ஆணி. அடுத்ததில் செம்புக்கம்பி சுற்றிய ஆணி. மூன்றாவதில் துத்தநாகத் துண்டோடு கட்டிய ஆணி. நாற்பது நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை வெயில் சாடிகளுக்குள் இறங்கும்போது, செம்பு சுற்றிய ஆணியிலிருந்து துரு செந்நிறப் புகைபோல் கிளம்பி, அசையாத நீரில் மெல்லத் திரும்பி அடியில் படியும். அப்போது நிலத்தடியில் நீர் யாரையோ தேடி நடப்பது எனக்குக் கேட்கும். எவ்வளவு நேரம் கேட்டேன் என்று தெரியாது. முதற் சாடியில் தனி ஆணி மெல்லவே துருவேறியது. மூன்றாம் சாடியில் துத்தநாகம் வெண்மாவாய்க் கரைந்தது. ஆணி இட்ட நாள்போலவே இருந்தது. ஒன்று தன்னைக் கொடுக்க, மற்றொன்று நிற்கிறது.

கொற்றையார் சாடிகளை நெடுநேரம் பார்த்தார். இம்முறை நகைக்கவில்லை. கழற்றுவதற்குத் தம் ஆட்களையே தருவதாகச் சொன்னார்.

அவ்வளையங்களை வேண்டியவர் அவர் அல்லர். மண்ணுக்கடியிலும் அரசியின் பெயர் நிற்க வேண்டுமென விண்ணப்பித்தவன் நான்.

வரும் முழுநிலவு நாளில் தாங்கள் நீர் திறக்கவிருக்கும் கிழக்கு வழியிலும் நானூறு வளையங்கள் பூட்டப்பட்டுள்ளன. அதன் முடிவிலும் ஒரு மகப்பேற்று இல்லம் உள்ளது.

நீர்வழி நாயகத்தின் ஆணை முதலில் நிறைவேறட்டும், பின்னர் வினவப்படட்டும் என்பது தங்கள் முன்னோர் வகுத்த முறை. அதன்படி ஆணையிடுகிறேன். நானூறு வளையங்களும் கழற்றப்படுக. இரும்பின்மேல் ஈரம் அண்டாதபடி கருங்கீல் பூசப்படுக. உவர்மண்ணில் நூறு கோலுக்கு ஒரு துத்தநாகக் கட்டி, கம்பியால் குழாயோடு பிணைத்துப் புதைக்கப்படுக; ஆண்டுதோறும் தோண்டிப் பார்த்து, தேய்ந்தது மாற்றப்படுக. அதுவரை கிழக்கு வழியில் நீர் திறக்கலாகாது. பணி முடிந்தபின் என் பிழைக்குரிய தண்டனை ஏற்கத் திருமுன் வருவேன்.

ஓலைக்குச் செம்பு வளையம் இடுவது வழக்கம். இதற்கு இடவில்லை. காந்தளின் பெட்டியில் மிஞ்சியிருந்த நூலால் கட்டி, அரக்கில் முத்திரை பொறித்தேன்.