கமலாவுக்காகப் போன ஏழு சிபாரிசுக் கடிதங்கள்

என் அன்புக் கமலா,

நீ போய் ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேன். துக்கத்தில் எழுத வரவில்லை. இப்போது ஆத்திரத்தில் வருகிறது.

எம்.ஏ. முடித்த கையோடு மெட்ராஸ் நூலகத்தில் உட்கார்ந்து விலாசம் விலாசமாகக் காப்பி எடுத்தோமே, நினைவிருக்கிறதா? அரசியல் பாடத்தில் டாக்டர் பட்டம். கட்டணம் கிடையாது, தங்க இடம், மாதாமாதம் உதவித்தொகை. அப்படி எங்கெல்லாம் தருகிறார்கள் என்று தேடினோம். எனக்குக் கல்யாணம் ஆனது, நின்றுவிட்டேன். நீ ஏழு இடத்துக்கு மனுப் போட்டாய். ஏழும் இல்லை என்று வந்தது. "எனக்கு அவ்ளோதான்டி மூளை" என்று சிரித்தாய். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது நானும் ஒரு மனுப் போடுகிறேன். வடக்கே ஒரு பல்கலைக்கழகம், குழந்தையோடு தங்கலாமாம். "முதல்ல கிடைக்கட்டும், பாக்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். சிபாரிசுக் கடிதத்துக்கு நம் துறைத் தலைவரிடம் போனேன். உறையை ஒட்டித்தான் தருவார், உனக்குத் தெரியுமே. இன்று கோந்து தீர்ந்துவிட்டதாம், "நீயே ஒட்டிக்கோம்மா" என்று கொடுத்துவிட்டார். பஸ்ஸில் பிரித்துப் படித்தேன்.

'மிகவும் அடக்கமான பெண். பெரியவர்களை எதிர்த்துப் பேசமாட்டாள். நல்ல குடும்பம்.' அவ்வளவுதான் கமலா! நான் எழுதிய ஆய்வைப் பற்றி ஒரு வரி இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கா எழுதினார்?

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப நடந்தேன்.

"இதுல என்னம்மா குறை? கைக்குழந்தைய வச்சிக்கினு வந்து சண்டை போடற! கமலாவுக்கும் இதையேதான் எழுதினேன். அது ஒண்ணும் சொல்லலையே?"

கோப்பைத் திறந்து கார்பன் நகல்களைக் காட்டினார். ஏழு. எல்லாவற்றிலும் அதே மூன்று வரி.

"அவ பாத்திருந்தாதானே சார் சொல்றதுக்கு?"

தறிக்குப் பட்டு நூல் சுற்றித் தருகிற பெண்களுக்கு நெசவாளர் சங்கத் தேர்தலில் ஏன் ஓட்டு இல்லை என்று கேட்டுக்கொண்டு, உன் எம்.ஏ. ஆய்வுக்காகப் பிள்ளையார்பாளையம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாயே! அந்த ஆய்வை இவர்தானே திருத்தினார்? முதல் மதிப்பெண் போட்டவரும் இவர்தானே? அதைப் பற்றி ஒரு வார்த்தை அந்த ஏழு ஊருக்கும் போயிருந்தால்? கெட்டவர் இல்லை கமலா, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. உன்னைப் புகழ்ந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாப்பா வீறிட்டு அழுதாள், சமாதானப்படுத்தவும் இல்லை. கடைசியில் புதிதாக எழுதினார். என் ஆய்வு, மதிப்பெண், எல்லாம். படித்துப் பார்த்தேன்.

"கமலாவுக்கும் ஒண்ணு எழுதுங்க சார்."

"செத்துப்போன பொண்ணுக்கு எதுக்கும்மா?"

"அவங்க அம்மாவுக்கு சார். எம் பொண்ணுக்குப் படிப்பு ஏறலன்னு வாலாஜாபாத்துல இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்காங்க."

"அப்புறம் பாக்கலாம்" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

நாளை காலை என் மனு தபாலில் போகிறது. கிடைக்குமா? கிடைத்தால் அனுப்புவார்களா? அந்த ஊர்க் குளிரைப் பாப்பா தாங்குவாளா? ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தபாலாபீசிலிருந்து நேராக அவர் அறைக்குப் போவேன். அவர் எழுதித் தரும்வரை தினமும் போவேன். அந்தத் தாளை உன் அம்மா எதிரில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி படிப்பேன்.

உன் கூடப் பிறக்காத சகோதரி,
ரேணுகா