கொக்குகள் வரையப்பட்ட சுவர்

அனுப்புநர்
‘மூலை இருக்கை’ என்ற பெயரில் வார இதழில் தொடர் விமர்சனம் எழுதி வந்தவர்,
கடைசி பிளாக், மூன்றாம் தளம்,
குப்பை எரி ஆலைக்கு அடுத்த குடியிருப்பு.

பெறுநர்
மாசுத் தடுப்பு அலுவலர் அவர்கள்,
மாசுத் தடுப்பு அலுவலகம்.

பொருள்: ‘கடைசி ஈரம்’ என்ற அனிமே சித்திரத் தொடருக்கு நான் எழுதிய விமர்சனம் ‘பீதி கிளப்பும் எழுத்து’ எனத் தங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறவும், குடியிருப்பின் பின்புறச் சதுப்பு நிலத்தில் சாம்பல் கொட்டுவதை நிறுத்தவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வரும் தொடர்களைப் பார்த்து, பார்க்கலாமா வேண்டாமா என்று நாலு வரி எழுதுவதே என் பிழைப்பாக இருந்தது. மண்ணையும் நீரையும் பரிசோதிக்கும் படிப்பு எனக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் அலுவலகத்தில் நான் போய் நின்ற ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

2. மேற்படி தொடரைத் தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சுருக்கமாகக் கூறுகிறேன். சதுப்பு நிலத்தை ஒட்டிய ஓர் ஊர். நில அளவையாளரிடம் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண் நீண்ட கழியை ஊன்றிச் சேற்றின் ஆழத்தை அளந்துகொண்டே போகிறாள். ஒவ்வொரு பகுதியிலும் ஊர் கொஞ்சம் வளர்கிறது, சேறு கொஞ்சம் குறைகிறது. வில்லன் என்று யாரும் இல்லை. வீடு கட்ட மண் நிரப்புகிறார்கள், கடை கட்ட நிரப்புகிறார்கள், பள்ளிக்கூடம் கட்டவும் நிரப்புகிறார்கள். எல்லோரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஓவியர்கள் செய்திருக்கும் ஒரு காரியம் என்னை உலுக்கிவிட்டது. பின்னணியில் வரும் கொக்குகளை ஒவ்வொரு பகுதியிலும் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கதையில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நானும் கவனிக்கவில்லை.

3. கவனித்தவள் என் அக்கா மகள். வீட்டில் அவளைக் குட்டிமா என்று கூப்பிடுவோம். அக்கா குடும்பம் எங்கள் பிளாக்கிலேயே தரைத்தளத்தில் குடியிருந்தது. அவர்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் சதுப்பு நிலம்; என் வீட்டு ஜன்னல்கள் தெருவைப் பார்த்தவை. பள்ளிக்கூடம் விட்டதும் குட்டிமா மேலே வந்து என்னோடு உட்கார்ந்து தொடர் பார்ப்பாள். ஏழாவது பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டது: “சித்தி, போன வாரம் இங்க நிறைய கொக்கு நின்னுச்சே, எங்க போச்சு?” நான் நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஓவியர்களின் சாமர்த்தியத்தை நான் வியந்துகொண்டிருந்தபோது அவள் அடுத்ததைக் கேட்டாள்: “நம்ம வீட்டுக்குப் பின்னாடியும்தான் நின்னுச்சு. அதை யாரு சித்தி அழிச்சா?”

அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போய் அக்கா வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாணல் நின்ற இடத்தில் சாம்பல் மேடு இருந்தது. எரி ஆலையின் டிப்பர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து இன்னொரு மேட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு, “திறந்து வைக்காத, சோத்துல விழும்” என்றாள். பல மாதங்களாக அப்படித்தான் சாத்தியே வைத்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே கட்டடத்தில், அவள் தலைக்கு மேலே குடியிருந்துகொண்டு.

4. விமர்சனத்தில் தொடரைப் பாராட்டினேன். வண்ணத்தையும், இசையையும், அவசரப்படாமல் கதை சொல்லும் பொறுமையையும் பாராட்டினேன். கடைசிப் பகுதியை மட்டும் குறை சொன்னேன். அதில் ஊரே திரண்டு வந்து, தான் கொட்டிய மண்ணைத் தன் கையாலேயே அள்ளுகிறது. நிலத்தை நிரப்ப உத்தரவு போட்ட அதிகாரி முழங்கால் சேற்றில் நின்று அழுகிறார். பார்க்கிறவர்களும் அழுவார்கள், நானும் அழுதேன். தங்கள் அலுவலகம் ஆட்சேபித்த பத்தி இதுதான்:

“இந்தத் தொடரைப் பார்த்தபின் நம் பிள்ளைகள் நீர்நிலைகளை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். பார்த்துவிட்டு நம்மிடம் கேள்வி கேட்பார்கள். என் வீட்டுக்குப் பின்னால் எரி ஆலையின் சாம்பலை விழுங்கிக்கொண்டிருக்கும் சதுப்பு நிலத்தில் எந்த அதிகாரியும் வந்து நின்று அழப்போவதில்லை. முடிவை மாற்றி எழுதியிருந்தால் இது உண்மையான தொடராக இருந்திருக்கும்.”

இதில் பொய் எது என்று இன்றுவரை எனக்கு யாரும் சுட்டிக்காட்டவில்லை.

5. விமர்சனம் வெளியான வாரம், தொடரைப் பார்க்காதவர்கள்கூட அந்தப் பத்தியைப் படம் பிடித்துக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். குடியிருப்புக்காரர்கள் சிலர் சதுப்பு நிலத்தின் ஓரம் போய் நின்று பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. கூச்சல் இல்லை, மறியல் இல்லை.

இங்கே தங்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. என் அக்காவின் கணவர் அதே எரி ஆலையில் டிப்பர் லாரி ஓட்டுநர். சாம்பல் எங்கிருந்து எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் என்னிடம் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததை மட்டுமே எழுதினேன். ஆனால் எழுதியவள் அவருடைய மச்சினி என்பது ஆலைக்குத் தெரிந்துவிட்டது. “வீட்டுலயே ஆள் வெச்சுக்கிட்டு இங்க வந்து வண்டி எடுக்கறியா?” என்று கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அத்தான் அன்று மதியமே வீட்டுக்கு வந்தார். என்னிடம் கோபமாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. “நீ பார்த்ததைத்தானே எழுதின. விடு” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்கா திட்டினாள். “ஒரு பொம்மைப் படத்துக்கு எழுதற எழுத்துல என் வீட்டு அடுப்பை இழுத்து விட்டுட்டியேடி” என்றாள்.

6. இதற்கிடையே தங்கள் அலுவலகத்திலிருந்து வார இதழுக்குக் கடிதம் போனது. ஆய்வு எதுவும் செய்யப்படாத நிலையில் பொதுமக்களிடம் பீதி கிளப்பும் எழுத்து என்று அதில் இருந்தது. ஐயா, ஆய்வு செய்யப்படவில்லை என்பது என் குற்றமா? ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். பல வருடப் பழக்கம். “தப்பா நினைக்காதம்மா. சினிமா விமர்சனத்துக்கெல்லாம் வக்கீல் வெச்சுக்கற அளவுக்கு நம்ம பத்திரிகை பெருசு இல்ல” என்றார். விமர்சனத்தை இணையப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். அடுத்த வாரம் ‘மூலை இருக்கை’ வந்த இடத்தில் ராசிபலன் இரண்டு பத்தி நீண்டிருந்தது.

7. தங்கள் அலுவலகத்துக்கு மனுவோடு பலமுறை வந்தேன். ஒருமுறை, அக்கா வீட்டு ஜன்னலுக்கு வெளியே சாம்பலில் செத்துக் கிடந்த கொக்கு ஒன்றைப் பையில் எடுத்து வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். தங்கள் உதவி அலுவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது எப்படிச் செத்துச்சுன்னு நாங்க எப்படி சொல்ல முடியும்? கால்நடைத் துறைக்குப் போங்க” என்றார். கால்நடைத் துறையில், கொக்கு கால்நடை அல்ல என்றார்கள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளிப்போனார்கள். எங்கே போடுவது என்று தெரியாமல் கடைசியில் அதை வீட்டுக்கே கொண்டுவந்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

8. அதன்பின் ஒருநாள் குடியிருப்பின் பின்புறம் செங்கல்லும் சிமென்ட்டும் வந்து இறங்கின. என் மனு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். குட்டிமாவிடம்கூட, “லாரியைத் தடுக்கப் போறாங்கடி” என்று சொன்னேன். எழுந்தது ஓர் உயரமான சுவர். லாரிகள் வரும் பக்கம் வழி விட்டு, நாங்கள் பார்க்கும் பக்கம் மட்டும் எழுப்பினார்கள். சுவர் காய்ந்ததும் ஓவியர்கள் வந்தார்கள். ‘சுற்றுச்சூழல் விழிப்புணர்வுச் சுவர்’ என்று தங்கள் அலுவலகமும் ஆலையும் சேர்ந்து திறந்து வைத்தன.

சுவரில் வரையப்பட்டிருப்பது ‘கடைசி ஈரம்’ தொடரின் முதல் பகுதி. கழியை ஊன்றி நிற்கும் பெண், பச்சை நாணல், வானம் கொள்ளாத கொக்குகள். அதன் கீழே பெரிய எழுத்தில், “இந்தத் தொடரைப் பார்த்தபின் நம் பிள்ளைகள் நீர்நிலைகளை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். – ‘மூலை இருக்கை’.”

எந்தப் பத்திக்காக என் வேலை போனதோ, அத்தான் வேலை போனதோ, அந்தப் பத்தியின் முதல் வாக்கியம் அது. அடுத்த வாக்கியத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் என்னோடு கைகுலுக்கினார்கள். அக்கா மொட்டைமாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

9. சுவர் வந்தபின் காற்று சுழன்று, சாம்பல் தரைத்தளத்து வீடுகளுக்குள்ளேயே தங்க ஆரம்பித்தது. கோடையில் குட்டிமாவுக்கு இளைப்பு வந்தது. முதலில் சளி என்றார்கள், பிறகு ஒவ்வாமை என்றார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, “மருந்து குடுக்கலாம். ஆனா இடத்தை மாத்துங்க” என்றார். பள்ளியில் நடனத்துக்குப் பெயர் கொடுத்திருந்த பிள்ளை, மாடிப்படி ஏறி என் வீட்டுக்கு வர முடியாமல், பாதிப் படியில் உட்கார்ந்து “சித்தி, நீ கீழ வா” என்று கூப்பிடுவாள்.

அவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். கிளம்பும்போது அக்கா வாசலில் வைத்துச் சொன்னது இது: “உன் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு எல்லாம் ஞாபகம் வருது. கொஞ்ச நாள் போன் பண்ணாத.” அத்தான் தலையைக் குனிந்தபடி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோ திரும்பும்வரை குட்டிமா கை காட்டினாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

10. ஆகவே ஐயா அவர்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

வார இதழுக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும்; சாம்பல் கொட்டுவதை நிறுத்த உத்தரவிட வேண்டும். அது தங்களால் ஆகாது என்றால், சாம்பலையும் தரைத்தளத்துத் தண்ணீரையும் எடுத்துப் பரிசோதித்து, அதில் இருப்பது என்ன என்பதையாவது மிச்சமிருக்கும் குடும்பங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். பிள்ளைகள் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அதுவும் ஆகாது என்றால், என் பெயரையும் என் வாக்கியத்தையும் அந்தச் சுவரிலிருந்து அழித்துத் தர வேண்டும். ஒரு வாளி சுண்ணாம்பு போதும். நானே அழிக்கப் போனபோது, அரசுச் சொத்து என்று காவலாளி தடுத்துவிட்டார்.

வார இதழில் எனக்கிருந்த இடத்தைத் திரும்பக் கேட்கவில்லை. தொடர் எதையும் என்னால் இப்போது பார்க்க முடிவதில்லை.

தாங்கள் நேரில் வருவதாக இருந்தால், வெளியிலிருந்து சுவர் மட்டுமே தெரியும், படம் அழகாக இருக்கும். அக்கா விட்டுப்போன தரைத்தளத்து வீடு காலியாகக் கிடக்கிறது. யாரும் வாடகைக்கு வரவில்லை. சாவி என்னிடம் இருக்கிறது. அதன் சமையலறை ஜன்னல், சுவர் தொடங்கும் இடத்துக்கு ஓரடி தள்ளி, மறைபடாமல் இருக்கிறது. அங்கிருந்து சாய்ந்து பார்த்தால் எல்லாம் தெரியும். உள்ளே வர அக்காவின் அனுமதியைத் தாங்கள் கேட்க வேண்டியதில்லை. கேட்பதற்கு நானும் அவளோடு பேச்சுவார்த்தையில் இல்லை.

வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
‘மூலை இருக்கை’

இடம்: கடைசி பிளாக், மூன்றாம் தளம்
நாள்: மனுக்கள் பெறப்படும் திங்கட்கிழமை