பற்பசை வழுக்கிய பலகை

ஒக்டோபர் 14, செவ்வாய். வெள்ளவத்தை.

கெம்பஸில் படிக்கிற மகள் நிரோவின் ஆய்வை நான்தான் கெடுத்தேன். பற்பசை சும்மா இருந்தால் அசையாது. அதைப் பலகையில் வைத்து, எவ்வளவு சரித்தால் ஒழுகத் தொடங்கும் என்று அளக்கிறாள். நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். உதவுகிறேன் என்று, சொரசொரப்பாக இருந்த பலகைக்கு நேற்று வார்னிஷ் அடித்து மினுக்கிவிட்டேன். பெயின்டர் புத்தி. இன்று மாலை சரித்தபோது பற்பசை ஒழுகவில்லை. முழுக் கட்டியாகவே வழுக்கி அவள் மடியில் விழுந்தது.

"இது பற்பசையின்ர அளவில்லை அப்பா, உங்கட வார்னிஷின்ர அளவு!" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மினுக்கின சுவரில் பெயின்ட் பிடிக்காது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். வேலைப் பையிலிருந்து சாண்ட் பேப்பரை எடுத்துப் பலகையில் ஒட்டினேன். ஐந்து முறை சரித்தாள். ஐந்து முறையும் ஒரே சரிவில் ஒழுகியது.

"அறிக்கையில உங்களுக்கு நன்றி போடட்டே?"

"போடு பிள்ளை. வார்னிஷ் கதையை மட்டும் விட்டிடு."

"அதுதானப்பா முதல் பந்தியே!"

பள்ளியில் ஓ.எல். சோதனையிலேயே கணக்கில் கோட்டை விட்டவனின் பெயர் கெம்பஸ் அறிக்கையில். மறந்துவிடுவாளோ என்று, முழுப் பெயரையும் ஒரு துண்டில் எழுதி அவள் மேசையில் வைத்துவிட்டேன்.