அய்யாவுக்குச் சர்க்கரை இருந்ததா?

ஐப்பசி 9, ஞாயிறு

ராமேஸ்வரத்தில் விடாத மழை. லாட்ஜ் முழுக்க ஈரத்துணி நாற்றம். வெறும் வயிற்றில் சர்க்கரை 164. பரவாயில்லை. பிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்கும் கலர் பாட்டிலுக்கும் நடுவே என் இன்சுலின். ரிசப்ஷனில் வேலை பார்க்கும் எனக்கு முதலாளி தந்த சலுகை.

அபிராமத்திலிருந்து தங்கை செல்வி போன். மகளுக்கு அடுத்த ஞாயிறு சடங்கு. "தாய்மாமன் நீ வராம எப்பிடிண்ணே?" பின்னால் அவள் மாமியார் குரல்: "அவரு என்னத்தச் சீர் கொண்டாரப் போறாரு? நம்ம வீட்டுச் சீருதான் அவரு வயித்துக்குள்ள இருக்கே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

செல்வி கொடுத்த கிட்னி. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குச் சர்க்கரை வந்ததை அவளிடம் சொல்லவில்லை. கொடுத்தது வீண் என்று அந்த வீட்டில் குத்திக் காட்டுவார்கள். ஊசி நின்றால்தான் அங்கே போக முகம் இருக்கும்.

ஐப்பசி 11, செவ்வாய்

மதுரை. கிட்னி நன்றாக இருக்கிறதாம். சர்க்கரை போகுமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"சுகரை ஏத்துற ஸ்டீராய்டைக் குறைச்சாச்சு. ஊசியும் சீக்கிரமே ஆரம்பிச்சாச்சு. உங்க வெயிட்டும் குறையுது. எல்லாம் நல்லதுதான். நீங்களா மாத்திரையை நிறுத்திராதீங்க, கிட்னி போயிரும். அப்பா அம்மாவுக்குச் சுகர் உண்டா? பரம்பரையா இருந்தா போறது கஷ்டம்."

அம்மாவுக்கு இல்லை. அய்யாவுக்கு? தெரியவில்லை. அவர் கடைசிக் காலத்தில் நான் துபாயில். செல்விதான் பார்த்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில், தொற்று வராமலிருக்க நான் போடும் மாஸ்க்கைப் பார்த்து யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. பரமக்குடி தாண்டியும் காலி.

ஐப்பசி 12, புதன்

138! சொல்ல ஆளில்லை. சாவி வாங்க வந்த வடநாட்டுக்காரரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு டவல் கேட்டார்.

மருமகளுக்குப் பட்டுப்பாவாடை எடுக்க வேண்டும். என்ன நிறம் பிடிக்கும்?

ஐப்பசி 14, வெள்ளி

செல்விக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"அய்யாவுக்கா? இருந்துச்சுண்ணே. கடைசியில ஊசிதான். நாந்தான போட்டுவிட்டேன்."

"கிட்னி குடுக்க வந்தப்ப ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு இல்லேன்னியே?"

"இருக்குன்னா என்னைய வேணாம்னுருவாகன்னு பயந்துட்டேன். நம்ம கூட ஆஸ்பத்திரியில கிட்னி குடுக்க வந்திருந்த நயினார்கோவில் அக்காவ, அவுக வீட்டுல சுகர் இருக்குன்னு அப்பிடித்தான திருப்பி அனுப்புனாக."

என் சர்க்கரை இனி போகுமா என்ற நினைப்பே அற்றுப்போனது. இவளுக்கும் அதே அய்யா. இருப்பதோ ஒற்றைக் கிட்னி.

"ஏத்தா, நீ சுகர் பார்த்தியா? வருசா வருசம் பார்க்கச் சொன்னாகளே."

"எங்கண்ணே நேரம்? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். இந்த மழையிலயும் தாகந்தான் அடங்க மாட்டேங்குது."

நாளை முதல் பஸ். சடங்குவரை காத்திருக்க முடியாது. சர்க்கரை பார்க்கும் மீட்டரைப் பையில் வைத்துவிட்டேன். பாவாடை இன்னும் எடுக்கவில்லை. மாமியார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், முதலில் செல்வியை விரல் நீட்டச் சொல்ல வேண்டும்.