நொண்டாமல் நடந்தேன்

சிங்கப்பூர்
13.3.2006, திங்கள் காலை

அன்புள்ள வளர்மதிக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அம்மாவுக்கு இருமல் நின்னுச்சா? நான் நல்லா இருக்கேன்.

தை மாசம் கட்டடத்துச் சாரத்துலேருந்து வழுக்கி விழுந்தேன்னு போன்ல சொன்னேன்ல, அந்த முழங்காலை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில கேமரா வச்சுப் பாத்தாங்க. காலெல்லாம் கோலிக்குண்டு மாதிரி வெள்ளை உருண்டை ஒட்டி, கேமரா முன்னால நடக்கச் சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல என் மூஞ்சி இல்ல, வெறும் புள்ளியும் கோடுந்தான் நடந்துச்சு. பாப்பா பாத்தா சிரிச்சிருக்கும்.

நொண்டுனா ஊருக்கு ஏத்திவிட்டுருவாங்கன்னு ரூம்ல சொல்லியிருந்தாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு நேரா நடந்தேன். ரெண்டு காலும் ஒண்ணுபோல இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டிருச்சு. வலி இருக்கான்னு தமிழ் நர்ஸம்மா ரெண்டு தரம் கேட்டாங்க. இல்லன்னுட்டேன். இனிமே காலுக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், வேலைக்குப் போகலாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னைக்கு மறுபடியும் சாரம் ஏறணும்.

ஊர்லேருந்து யாராவது வந்தா தைலம் ரெண்டு பாட்டில் குடுத்துவிடு. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. என் சைக்கிளை உன் தம்பி எடுத்துக்கட்டும், சும்மா நின்னா துருப்புடிச்சிடும்.

கீழ எங்களை வேலைக்கு ஏத்திட்டுப் போற லாரி வந்துடுச்சு. மாடிப்படி எறங்க எனக்கு நேரமாகும், இதோட நிறுத்திக்கிறேன்.

கலியபெருமாள்